38 என்று முத்திரை, ஆனால் .38 தோட்டா உள்ளே போய் ஆடுகிறது: 1873 வின்செஸ்டர், விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

ரெனோ ரவி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் ஒரு பழைய பண்ணை வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு வின்செஸ்டர் 1873 எடுத்தேன், விசைக்குக் கீழே உள்ள லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற நீளத் துப்பாக்கி. வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1889-ல் செய்தது. 24 அங்குல எட்டுப்பட்டைக் குழல், கட்டையில் ஒரு விரிசல், இரும்பு முழுக்கப் பழுப்பு ஏறியிருக்கிறது, ஆனால் லீவரை இழுத்தால் நேற்று செய்தது போல வழுக்கிக்கொண்டு போகிறது. தோட்டாவை ஏற்றும் அந்தப் பித்தளைத் தூக்கி லிஃப்ட் மாதிரி மேலே வந்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே தினமும் இருபது தடவை இழுக்கிறேன், வீட்டில் திட்டு விழுகிறது.

பிரச்சினை என்னவென்றால், குழலின் மேல் 38 டபிள்யூ.சி.எஃப். என்று பொறித்திருக்கிறது. பித்தளைத் தூக்கியின் அடியிலும் 38 கேல் என்று இருக்கிறது. ஒரு கடையில் கேட்டேன், கவுண்டரில் இருந்த பையன் கொஞ்சமும் யோசிக்காமல் .38 ஸ்பெஷல் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். வீட்டுக்கு வந்து ஒரு தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் விட்டுப் பார்த்தால் டப்பாவுக்குள் புளியங்கொட்டை போல ஆடுகிறது. சுடவில்லை, பயந்து எடுத்துவிட்டேன். இது என்னதான் அளவு?

ஏன் இதை வாங்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நெவாடாவின் கிழக்குக் கோடியில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் 2014 நவம்பரில் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்தபடியே ஒரு வின்செஸ்டர் 1873 கிடைத்தது, பலர் படித்திருப்பீர்கள். 1882-ல் செய்தது. அடிக்கட்டை மண்ணில் புதைந்து, மரம் வெளுத்து, பக்கத்து மரப்பட்டையும் இதுவும் ஒரே நிறம். யாரோ ஒருவன் சாய்த்து வைத்துவிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்லை. அதைப் பார்ப்பதற்காகவே ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். வந்ததிலிருந்து கிறுக்குப் பிடித்த மாதிரிதான்.


மெஷினிஸ்ட் மணி

தம்பி, முதலில் அந்த .38 ஸ்பெஷல் பெட்டியை மூடி வை. உன் துப்பாக்கிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

அந்தப் பையன் மேல் முழுத் தப்பும் இல்லை. இப்போது இத்தாலியில் செய்து வரும் 1873 நகல்களில் நிறைய .357-க்கும் .38 ஸ்பெஷலுக்கும்தான் வருகின்றன, அவன் அதையே பார்த்துப் பழகியிருப்பான். உன்னுடையது .38-40, அதற்குத்தான் 38 டபிள்யூ.சி.எஃப். (வின்செஸ்டர் சென்டர் ஃபயர்) என்று இன்னொரு பெயர். பெயரில்தான் 38, குண்டின் விட்டம் .401 அங்குலம். அதாவது உண்மையில் அது ஒரு நாற்பது. ஏன் 38 என்று வைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதையும் நம்ப வேண்டியதில்லை. பின்னால் வரும் 40 மட்டும் நாணயமானது: நாற்பது கிரெயின் (பழைய சின்ன எடை அளவு) கருமருந்து.

பிறந்த கதை இதுதான். 1873 மாடலோடு .44-40 வந்தது, 200 கிரெயின் குண்டு. அதன் பித்தளைக் கூட்டின் (மருந்தும் குண்டும் அடைக்கிற உறை) கழுத்தை இறுக்கி 180 கிரெயின் குண்டு பொருத்தியது .38-40, அது 1879-80 வாக்கில். அப்புறம் 1882-ல் குட்டித் தம்பி .32-20. கோல்ட் கம்பெனியும் இதே தோட்டாக்களுக்குக் கைத்துப்பாக்கி செய்தது, அதனால் இடுப்பில் ஒரே பெல்ட், இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. மளிகைக் கடை எதிலும் கிடைக்கும். 1873 மாடல் ஏழு லட்சத்துக்கு மேல் விற்றதற்கு அந்த இரும்பைவிட இந்தத் தோட்டாதான் காரணம் என்பது என் கட்சி.

ஒரு வேடிக்கை பார். 1990-ல் போலீஸ்காரர்களுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்தோம் என்று .40 எஸ் அண்ட் டபிள்யூ வந்ததே, அதுவும் நாற்பது அளவு, 180 கிரெயின் குண்டு. கைத்துப்பாக்கியில் .38-40 நூறு வருடம் முன்பே ஏறக்குறைய அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.


சுவர்க்காவலன்

நான் சொல்வது பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். 1889-ல் செய்த பொருள். அதற்கு நாம் சொந்தக்காரர்கள் இல்லை, கொஞ்ச காலம் பார்த்துக்கொள்பவர்கள், அவ்வளவுதான். எண்ணெய் போட்டுச் சுவரில் மாட்டு. சுட ஆசையாக இருந்தால் ஒரு நகல் வாங்கு. கிரேட் பேசின் துப்பாக்கியை வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்களே, அவர்கள் அதைப் பளபளப்பாக்கினார்களா, சுட்டுப் பார்த்தார்களா? உதிரும் மரத்தை மேலும் உதிராமல் நிறுத்தினார்கள், அப்படியே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கோயில் தேரை எடுத்து ரேஸ் விடுவீர்களா?


டெக்ஸஸ் பெரியப்பா

ரேஸ் விட வேண்டாம் அய்யா, ஆனால் தேரை வருடத்துக்கு ஒரு தடவையாவது இழுக்கத்தானே செய்திருக்கிறார்கள். நிலையிலேயே நின்றால் அச்சு செல்லரித்துப் போகும்.

ரவி, மணி சொன்ன .38-40 பெட்டித் தோட்டா கிடைக்கும், கவ்பாய் போட்டிக்காரர்களுக்கென்றே மெதுவான வேகத்தில் செய்கிறார்கள், கருமருந்துக்குப் பின்னால் வந்த புகையில்லா மருந்துதான். நான் பத்து வருடமாக அந்தப் போட்டிகளில் சுடுகிறேன், என்னுடையது இத்தாலிய நகல்தான், அதில் ஆயிரக்கணக்கில் போயிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. கருமருந்து, ஈயம் உருக்குவது, கொழுப்புத் தடவுவது எல்லாம் வேலையில்லாதவர்கள் வேலை. சுட்டோமா, துடைத்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டும்.


மெஷினிஸ்ட் மணி

பெரியப்பா, உங்கள் துப்பாக்கி இந்தக் காலத்து எஃகு. ரவியுடையது 1889. கொஞ்சம் பொறுங்கள்.

1873-ன் உள்ளே பூட்டு என்று ஒன்றும் கிடையாது, முழங்கால்தான் உண்டு. இரண்டு இணைப்புத் துண்டுகள் நடுவில் ஒரு மூட்டு, லீவரை மூடினால் கால் நேராக விறைத்து நிற்கும், அந்த விறைப்புத்தான் தோட்டாவைப் பின்னால் வரவிடாமல் பிடிக்கிறது. கருமருந்துக்கு அது தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் மூட்டு ஊசிகள் வளையும், ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போகும். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1886-லும் பிறகு 1892-லும் வரைந்து கொடுத்தவற்றில் பின்னால் இரண்டு கனமான இரும்புக் கட்டைகள் செங்குத்தாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், அது வேறு ஜாதி. அந்தக் காலத்திலேயே அதிவேகத் தோட்டாப் பெட்டிகளில் 92-க்கு மட்டும் என்று அச்சடித்து விற்றார்கள். அப்படியும் ஆட்கள் 73-ல் போட்டார்கள்.

என் கண்ணால் பார்த்தது ஒன்று. நண்பர் ஒருவர் ஒரு துப்பாக்கிச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய .44-40 தோட்டா மலிவாக வாங்கினார், எழுத்து ஒன்றும் கிடையாது, விற்றவர் "மென்மையான மருந்துதான்" என்றார். ஏழோ எட்டோ போனது. அடுத்ததற்கு லீவர் கையோடு வரவில்லை. ரப்பர் சுத்தியால் தட்டித் திறந்தோம். என் பட்டறையில் பிரித்துப் பார்த்தால் இடது மூட்டு ஊசி நெளிந்திருந்தது, வெளியே வந்த கூட்டின் அடி ஊதியிருந்தது. முகத்துக்கு வராமல் போனது அவர் பாட்டி செய்த புண்ணியம். அன்றிலிருந்து மற்றவர் அடைத்த தோட்டா எதையும் நான் தொடுவதில்லை, அது அண்ணனே கொடுத்தாலும் சரி.


மொன்டானா அக்கா

ரவி தம்பி, வாழ்த்துகள். நான் பில்லிங்ஸ் பக்கம், லீவர் சிலுவெட் போட்டியில் சுடுகிறவள். ஐம்பது மீட்டரில் கோழி, நூறில் பன்றி, நூற்றைம்பதில் வான்கோழி, இருநூறில் ஆடு என்று இரும்பில் வெட்டி நிறுத்தியிருப்பார்கள், விழுந்தால்தான் கணக்கு. சொல்ல நிறைய இருக்கிறது, நீளமாகப் போகும், டீ எடுத்துக்கொண்டு உட்காரு.

சுடலாமா வேண்டாமா என்ற சண்டையைத் தள்ளி வை. என்னைக் கேட்டால் கேள்வியே வேறு. இந்தத் துப்பாக்கி ஒரு பாத்திரம். அதற்குள் என்ன சமைக்க என்று செய்தார்களோ அதைச் சமைத்தால்தான் அதைப் புரிந்துகொள்ள முடியும். மண்சட்டியில் மீன்குழம்பு வைக்காமல் மேகி கிண்டிவிட்டு மண்சட்டி சரியில்லை என்று சொல்வது போலத்தான் பலர் .38-40 குறிபார்த்து அடிக்காது, பழைய குப்பை என்று எழுதுகிறார்கள்.

கருமருந்து என்றால் வெடியுப்பு எழுபத்தைந்து பங்கு, கரி பதினைந்து, கந்தகம் பத்து. நம் ஊர் வெடியில் இருக்கிற அதே மூன்று சாமான்தான். கூட்டை நிறைத்து, குண்டை வைத்து லேசாக அழுத்த வேண்டும், உள்ளே வெற்றிடமே இருக்கக் கூடாது. இப்போது இரண்டு விஷயம் பார். ஒன்று, கூடு நிறைந்திருப்பதால் தவறி இரண்டு தடவை மருந்து போடவே முடியாது, வழிந்துவிடும். புகையில்லா மருந்து கூட்டின் அடியில் ஒரு ஓரத்தில் கிடக்கும், கவனம் சிதறி இன்னொரு தடவை போட்டால் கண்ணுக்கும் தெரியாது, துப்பாக்கி போய்விடும். இரண்டாவது இன்னும் அழகு. இந்தத் தோட்டாவின் கழுத்து காகிதம் மாதிரி மெல்லியது. குழலுக்கு அடியில் தோட்டா நிரப்பி வைக்கும் குழாய் மேகசினில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்போது ஸ்பிரிங் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், சுடும்போது அதிரும், குண்டு கூட்டுக்குள்ளேயே இறங்கப் பார்க்கும். அக்காலத்தில் அதை நிறுத்தியது எது தெரியுமா? அடியில் கெட்டியாக அடைத்திருந்த கருமருந்துதான். மருந்தே தூணாக நின்றது. நீ புகையில்லா மருந்து கொஞ்சமாகப் போட்டால் அந்தத் தூணை உருவிவிட்டாய் என்று அர்த்தம், குண்டு உள்ளே இறங்கும், இறங்கினால் அழுத்தம் ஏறும். அதைத் தடுக்கக் கழுத்தின் விளிம்பைக் குண்டின் மேல் நன்றாக மடித்துப் பிடிக்க வேண்டும், அதைச் செய்யப்போனால் அந்த மெல்லிய கழுத்து நசுங்கும். முதல் நூறில் நான் நசுக்கியது பதினேழு.

பெரியப்பா சொல்கிற பெட்டித் தோட்டா ஆபத்து என்று நான் சொல்லவில்லை, நல்ல கம்பெனி செய்தது என்றால் பாந்தமாகத்தான் செய்திருப்பார்கள், நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியில் பலர் சுடுகிறார்கள். ருசி அது இல்லை, அவ்வளவுதான்.

அந்த மெல்லிய கழுத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. வெடித்ததும் பலூன் மாதிரி விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கரி பின்னால் வராது. நூறு சுட்டாலும் உன் துப்பாக்கியின் வயிற்றுக்குள் பெரிதாக அழுக்கு இருக்காது. கழுத்தில்லாத நேர்சுவர்க் கூடுகளில் இந்தச் சுகம் கிடையாது.

இனி நீ செய்ய வேண்டியது. முதலில் ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி மூட்டுகளையும் அறையையும் பார்க்கச் சொல், அது முடியாமல் எதுவும் வேண்டாம். அப்புறம் குழலை அள: மெல்லிய ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி, மரக்குச்சியால் குழல் வாயிலிருந்து தட்டித் தட்டி உள்ளே அனுப்பு, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் பார். அந்தக் காலக் குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அளவு தெரிந்தால் குண்டு தெரியும். குண்டு மென்மையான ஈயம், இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம். மூக்கு தட்டையாகத்தான் இருக்க வேண்டும், கூர்மூக்கு கூடவே கூடாது. குழாயில் ஒரு குண்டின் மூக்கு அடுத்த தோட்டாவின் பிரைமர் (அடியில் அடி விழுந்ததும் பற்றவைக்கிற சின்ன மூடி) மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதிர்ந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.


சைவப்பிள்ளை

அக்கா, அருமையான விளக்கம். ஒரு சந்தேகம், சிரிக்கக் கூடாது. குழலில் கரி இறுகாமல் இருக்கக் குண்டுக்குத் தடவுவது தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் என்று படித்தேன். நாங்கள் சுத்த சைவம், வீட்டில் கொழுப்பு உருக்கினால் அம்மா என்னையே உருக்கிவிடுவார். 1857-ல் இதே விவகாரத்தில்தானே மீரட்டில் கலகம் வெடித்தது. கொழுப்புக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடலாமா? வீட்டில் ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது.


மொன்டானா அக்கா

சிரித்துவிட்டேன், மன்னித்துவிடு. கேள்வி நல்ல கேள்விதான். தாவர எண்ணெய் தாராளமாகப் போடலாம், தேன்மெழுகோடு ஆலிவ் எண்ணெய் கலந்து பலர் செய்கிறார்கள். போடக் கூடாதது பெட்ரோலிய வகைகள்தான், கருமருந்தோடு சேர்ந்தால் குழலுக்குள் தார் போட்ட மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெயில் சிக்கல் அது உருகும் சூடு. சென்னையில் கேன் எப்போதும் தண்ணீர் போலத்தானே இருக்கும், ஊட்டியில்தான் உறையும். இருபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். நெவாடா வெயிலில் வண்டிக்குள் தோட்டாப் பெட்டியை வைத்தால் எண்ணெய் ஒழுகி மருந்தை நனைத்துவிடும். மெழுகைக் கூட்டிப் போட்டால் தாங்கும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பத்து சுட்ட பிறகு குழல் வாயைப் பார், சுற்றிலும் ஈரமான கொழுப்பு வளையம் படிந்திருந்தால் சரி. வறண்டு சாம்பலாக இருந்தால் உள்ளே கரி இறுகிக்கொண்டிருக்கிறது, குறி சிதறும்.


கிருஷ்ணகிரி செல்வம்

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், துப்பாக்கி எதையும் தொட்டதில்லை, நம் ஊரில் உரிமம் இல்லாமல் தொடவும் முடியாது. எங்கள் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்ததும் வின்செஸ்டர் என்று கேள்விப்பட்டேன், .405 என்பார்கள். அதுவும் இந்த லீவர் வகைதானா? வேட்டைக்காரர்கள் என்றாலே இரட்டைக்குழல் ஆங்கிலத் துப்பாக்கி என்றுதான் நினைத்திருந்தேன்.


மொன்டானா அக்கா

ஆமாம் செல்வம், லீவரேதான், ஆனால் ரவியுடையதற்குப் பங்காளி முறை. மாடல் 1895, பிரவுனிங் வரைந்தது. அதில் குழலுக்கு அடியில் குழாய் கிடையாது, லீவருக்கு முன்னால் வயிறு தள்ளின மாதிரி ஒரு பெட்டி மேகசின், தோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கும். அதனால் கூர்மூக்குக் குண்டும் போடலாம், புகையில்லா மருந்தின் அழுத்தத்தையும் தாங்கும். ரஷ்யா முதல் உலகப் போரில் ஏறக்குறைய மூன்று லட்சம் வாங்கியது, தன்னுடைய 7.62 தோட்டாவுக்கே செய்யச் சொல்லி.

.405 வந்தது 1904-ல், 300 கிரெயின் குண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் கிழக்கு ஆப்பிரிக்கா போனபோது சிங்கத்துக்கு இதைத்தான் மருந்து என்றார். உதை பலமாக இருக்கும், கட்டையின் அடி வேறு குறுகலாக வளைந்திருக்கும், தோள்பட்டை நீலம் பாரித்துவிடும். ஆண்டர்சன் அதை வைத்துக்கொண்டு இரவு முழுக்கப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தாலே எனக்குத் தோள் வலிக்கிறது. இங்கிலாந்து இரட்டைக்குழல் ராஜா வீட்டுச் சாமான், விலை அப்படி. அமெரிக்க லீவர் கம்பெனி வேலை பார்க்கிற ஒருவர் வாங்கக்கூடியது, இரண்டு தோட்டாவுக்குப் பதில் ஐந்து.


சுவர்க்காவலன்

ஆண்டர்சன் வரைக்கும் போய்விட்டீர்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. சுட்டால் தேயும், தேய்ந்தால் போச்சு. இதை யார் மறுப்பீர்கள்?


மொன்டானா அக்கா

மறுக்கவில்லை. தேயும். மென்மையான ஈயமும் கருமருந்தும் குழலைத் தேய்ப்பதைவிடச் சுட்டுவிட்டுச் சுத்தம் செய்யாமல் வைத்த ஒரு ராத்திரி அதிகம் அழிக்கும், அது என் அனுபவம்.

ஆனால் சுவர்க்காவலன், சுடப்பட்டதால்தான் நமக்குத் தெரிந்தவையும் உண்டு. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் போனால் லிட்டில் பிக்ஹார்ன். 1876 ஜூன் 25-ல் அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டரின் படை பழங்குடியினரிடம் தோற்று அழிந்த இடம். 1983-ல் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெளியே தெரிந்தது, அடுத்த இரண்டு வருடமும் தொல்லியல்காரர்கள் உலோகம் தேடும் கருவியோடு இறங்கினார்கள். கிடைத்த வெற்றுக் கூடுகளில் .44 ஹென்றி வகை இருந்தது. ஹென்றித் துப்பாக்கியும் 1866 வின்செஸ்டரும் தோட்டாவின் அடி விளிம்பில் அடித்துச் சுடுகிறவை, ஊசி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குத்தும், விளிம்பில் எதிரெதிராக இரண்டு தழும்பு விழும். ஒவ்வொரு துப்பாக்கியின் தழும்பும் கைரேகை போல. ஒரே தழும்புள்ள கூடுகள் எந்தெந்த மேட்டில் கிடந்தன என்று பார்த்து ஒரு ஆள் எங்கே நின்றான், எங்கே நகர்ந்தான் என்று வரைபடம் போட்டுவிட்டார்கள். சிப்பாய்களிடம் இருந்தது ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட், எதிரில் இருந்தவர்களில் பலரிடம் லீவர்.

அந்த .44 ஹென்றித் தோட்டாவை இன்றைக்கு உருப்படியாகச் சுட வழியில்லை. விளிம்பில் அடிக்கும் கூட்டை மறுபடி அடைக்க முடியாது, கம்பெனிகள் செய்வதை 1930-களில் நிறுத்திவிட்டன. என்னிடம் ஒரு மஞ்சள் உடம்புக்காரி, 1866, இருக்கிறாள். அவள் சுவரில்தான் இருக்கிறாள், உங்கள் கட்சி. சோறு கிடைக்காததால் மாட்டியது, விரும்பி மாட்டவில்லை. ரவியின் .38-40-க்குச் சோறு கிடைக்கிறது.


டெக்ஸஸ் பெரியப்பா

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அரை பவுண்டு கருமருந்து வாங்கி வந்தேன். எதுவும் சொல்லாதீர்கள்.


ரெனோ ரவி

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரக் கதையைச் சொல்கிறேன்.

மெக்கானிக் பார்த்தார், மூட்டு இறுக்கம், அறை நன்றாக இருக்கிறது என்றார். குழலுக்குள் மேடு பள்ளம் உண்டு, ஆனால் குண்டைச் சுழல வைக்கும் புரி தெரிகிறது. ஈயத் துண்டு .402 காட்டியது. குண்டு ஊற்றும் அளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை, ஒருவரிடம் ஊற்றியதாக வாங்கினேன். கூடுதான் பெரும்பாடு, எங்கே தேடினாலும் இருப்பில் இல்லை. கடைசியில் ஒரு முதியவரிடம் நாற்பது கிடைத்தது. ஐந்து கழுத்தை நசுக்கினேன், அக்கா சொன்ன பதினேழு ஞாபகம் வந்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன சனிக்கிழமை, காற்றே இல்லாத காலை. ஐந்து தோட்டாவைப் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கட்டைவிரலால் தள்ளினேன், கடைசித் தோட்டாவின் விளிம்பில் நகம் மாட்டிக்கொண்டு ரத்தம். மேலே இருக்கிற தூசுமூடி லீவரோடு சேர்ந்து தானே பின்னால் போகிறது, ஆனால் தானாகத் திரும்பி வராது, கையால்தான் மூட வேண்டும், அது எனக்குப் பிடித்துப் போனது, சுட்டு முடித்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்துகிற மாதிரி. லீவரை அழுத்திப் பிடிக்காவிட்டால் விசை அசையவே மறுக்கிறது, முதலில் பழுது என்று நினைத்துவிட்டேன், அப்புறம்தான் லீவர் உள்ளே ஒரு ஊசியை அழுத்தினால்தான் விடும் என்று புரிந்தது.

சத்தம் நான் நினைத்தது போல் இல்லை. படார் என்று காதைக் கிழிக்கவில்லை, தும் என்றது, ஒரு பெரிய மெத்தையைத் தடியால் அடித்த மாதிரி. தோளில் தள்ளல்தான், குத்து இல்லை. அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை! வெள்ளைச் சுவர் ஒன்று எனக்கும் பலகைக்கும் நடுவில் எழுந்து நின்றது, காற்று இல்லாததால் நகரவும் இல்லை. பக்கத்து மேஜையில் நவீனத் துப்பாக்கி வைத்திருந்த பையன் எழுந்து வந்து என்ன என்று கேட்டான். இந்தப் புகைக்கு நடுவில் எப்படிச் சண்டை போட்டார்கள், யார் யாரைப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. ஐம்பது கஜத்தில் பத்துக்கு எட்டு உள்ளங்கைக்குள், இரண்டு எங்கே என்று கேட்காதீர்கள். கொழுப்பு வளையம் இருந்தது அக்கா.

வீட்டில் வந்து வெந்நீர் ஊற்றிக் கழுவினால் அழுகின முட்டை நாற்றம். சமையலறையிலிருந்து வெளியேற்றப்பட்டேன். தோட்டத்துக் குழாயடியில்தான் இனி.

கூடுகள் மறுநாளே கறுத்துப் பச்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டன. அதற்கு என்ன செய்வது?


சைவப்பிள்ளை

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது! பித்தளைக் குத்துவிளக்குக் களிம்புக்கு உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? புளி. பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, சுட்ட அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் அலசி, புளி கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம். என் .44-40 கூடுகளில் செய்து பார்த்தேன், புதுசு மாதிரி வந்தது.


மெஷினிஸ்ட் மணி

புளி வேலை செய்யும், புளிப்பில் இருக்கிற அமிலம்தான் சங்கதி. ஆனால் பத்து நிமிடம் என்பது பத்து நிமிடமாகவே இருக்கட்டும். ராத்திரி ஊறப்போட்டுத் தூங்கிவிட்டால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு வெளியே தெரியும், கூடு இளஞ்சிவப்பாக வரும். நல்ல தண்ணீரில் நாலு தடவை அலசு.

கூடு பஞ்சத்துக்கும் வழி உண்டு. .44-40 கூட்டை எண்ணெய் தடவி .38-40 அச்சில் மெதுவாக ஏற்றினால் கழுத்து இறங்கிவிடும், ஒரே குடும்பம்தானே. பத்தில் ஒன்று மடங்கும்.

ஆமாம் ரவி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அடிக்கட்டைத் தகட்டில் ஒரு சின்ன நகரும் மூடி இருக்குமே, திறந்து பார்த்தாயா? கிரேட் பேசின் துப்பாக்கியில் அறையும் மேகசினும் காலி, அந்தப் பொந்துக்குள்தான் ஒரே ஒரு .44 தோட்டா இருந்தது.


ரெனோ ரவி

மூடியா? அது ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். அசையவில்லை, துரு. எண்ணெய் விட்டிருக்கிறேன்.


மொன்டானா அக்கா

ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதே. இரண்டு நாள் விடு, மறுபடி எண்ணெய் விடு. என்னிடம் ஐம்பது .38-40 கூடுகள் சும்மா கிடக்கின்றன, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு.


ரெனோ ரவி

இன்று காலை நகர்ந்தது. உள்ளே ஒரு குளவிக்கூடு, காய்ந்து போய்ச் செங்கல் மாதிரி. அதற்குப் பின்னால் குழல் துடைக்கும் கம்பி, திருகிச் சேர்க்கிற வகை, மூன்று துண்டு. நான்கு இருக்க வேண்டும் என்று மணி அண்ணன் சொல்கிறார். குளவிக்கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், நாலாவது அதற்குள் இருக்கிறதா பார்க்கலாம்.